இறக்கத்தில் அணையும் விளக்கு

“எரியுதாலே?”

“எரியுது அண்ணாச்சி.”

டைட்டஸ் டிரெய்லருக்கு அடியில் படுத்தபடியே வயரைப் பிடித்து ஆட்டினார். “இப்பம்?”

“இப்பமும் எரியுது. இன்னும் என்னத்த நோண்டுதிய? நாளைக்கு மோட்டார் இன்ஸ்பெக்டரு வருவாரு, லைட்டப் பாப்பாரு, எழுதிட்டுப் போவாரு. நம்ம மேல குத்தமில்ல.”

கிளீனர் கோலப்பன் சொன்னது டைட்டஸின் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. பல்பை மாற்றிவிட்டார். வயரையும் புதிதாக இழுத்துவிட்டார். பழுது ஏதும் இல்லை என்று தனக்கே நிச்சயம் ஆகவேண்டும், அதற்குத்தான் இந்தத் தேடல். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் மறுபடி வயரை ஆட்டினார்.

சண்டைக் காலத்தில் அஸ்ஸாம் மலைகளில் விளக்கே போடாமல் பட்டாள லாரி ஓட்டியவர் அவர். ஊருக்கு வந்தபின் சிற்பிகள் ஊரான மயிலாடியிலிருந்து கல்சிலை ஏற்றினார். போன மாதம் குழித்துறைக்கு ஒரு அம்மன் சிலையோடு போகையில், தக்கலைக்கு அப்பால் உள்ள இறக்கத்தில், மங்கிய அந்திப்பொழுதில், வாழைக்குலை வியாபாரி சுயம்புலிங்கம் சைக்கிளோடு வந்து டிரெய்லரின் பின்னால் மோதினார். ஆஸ்பத்திரியில் அவருடைய ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பின்னால் விளக்கே இல்லை என்றார் அவர். தக்கலையில் இறங்கிப் பார்த்தேன், எரிந்தது என்றார் டைட்டஸ்.

ஆஸ்பத்திரியில் சுயம்புலிங்கத்தின் மனைவி ஓமனா அவரை மறித்துக்கொண்டு கேட்டாள்.

“நீரு பைபிள் வாசிக்கிய வேதக்காரரு. பொய் சொல்லமாட்டீரு. வெளக்கு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது.”

அவள் கட்டிலில் கிடந்த புருஷன் பக்கம் திரும்பினாள். “அப்பம் நீரு குடிச்சிட்டுத்தான் வந்திருக்கீரு. பிள்ள தலையில கை வச்சு இல்லேன்னு சத்தியம் பண்ணினீரே!”

சுயம்புலிங்கம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முதுகு டைட்டஸை விடவில்லை.

“வண்டிய எடுக்கப்போறேன்” என்றார் டைட்டஸ், டிரெய்லருக்கு அடியிலிருந்து வெளியே வந்து. “நீ டிரெய்லர் பின்னால உக்காந்து லைட்டப் பாத்துக்கிட்டே வா.”

“எங்க?”

“அந்த எறக்கத்துக்கு.”

சமதரையில் எரிந்தது. ஏற்றத்தில் எரிந்தது. இறக்கத்தில் லாரியை மெல்ல விட்டார். பாரம் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து லேசாக முட்டியது.

“அண்ணாச்சி! அணைஞ்சு போச்சு!”

பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார். விளக்கு செத்துக் கிடந்தது. லாரியின் கொக்கிக்கும் டிரெய்லரின் வளையத்துக்கும் குறுக்கே ஸ்பானரை வைத்து அழுத்தினார். எரிந்தது. எடுத்தார். அணைந்தது. மறுபடி வைத்தார். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

விளக்குக்கு ஒரே வயர்தான் போகிறது. மின்சாரம் திரும்பி வருவது இரும்பு வழியாக, கொக்கியும் வளையமும் தொடுகிற இடம் வழியாக. அந்த இடத்தில் பழைய டயர் ரப்பர் சுற்றியிருந்தது. சுற்றியது அவரேதான். “எறக்கத்துல முட்டுற முட்டுல அம்மன் கை தெறிச்சிரும் மக்கா” என்று மயிலாடிச் சிற்பி தாணுமாலயன் கெஞ்சியதால், தானே வெட்டி, கம்பியால் கட்டியது. அதன்பின் ஒரு சிலைக்கும் சேதமில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். வண்டி இழுக்கும் பக்கத்தில் ரப்பர் தேய்ந்துபோய் இரும்பு இரும்பைத் தொட்டது. இறக்கத்தில் முட்டும் பக்கத்தில் அது முழுசாக இருந்து மின்சாரத்தைத் தடுத்தது.

கோலப்பன் குனிந்து பார்த்தான்.

“அறுத்து வீசிரும் அண்ணாச்சி. யாருக்குத் தெரியப்போவுது?”

“அந்த மனுசன் குடிக்கல்லலே.”

“அதுக்கு? உம்ம லைசென்ஸ் போனா வீட்டுல ராஜபாய் அக்காளும் பிள்ளையளும் என்ன செய்யும்?”

டைட்டஸ் ரோட்டில் உட்கார்ந்தார். வாயைத் திறந்து ஜெபிக்கப் பார்த்தார். பிறகு ரப்பரை அப்படியே விட்டு, சக்கரத்துக் கல்லை எடுத்தார்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கு வந்தார். விளக்கைப் போடச் சொன்னார். எரிந்தது. எழுதத் தொடங்கினார். இறக்கத்துக்கு வந்து பார்க்கும்படி டைட்டஸ் சொன்னார். இன்ஸ்பெக்டர் வெயிலைப் பார்த்தார், பிறகு வண்டியில் ஏறினார். இறக்கத்தில் விளக்கு அணைந்தது. டைட்டஸ் காட்டிய ரப்பரை இன்ஸ்பெக்டர் அறுத்து ஒரு காகிதத்தில் பொதிந்துகொண்டார். லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார். மயிலாடியில் காத்திருந்த நந்தி சிலையை ஏற்ற லாரி முதலாளி வேறு டிரைவரை அனுப்பினார். கோலப்பன் அவனோடு போனான். டைட்டஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். சுயம்புலிங்கம் தூங்கிக்கொண்டிருந்தார். ஓமனா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். அவள் வரும்வரை அவர் வாசலில் நின்றார்.