செம்புக் கம்பியில் தொங்கிய சிப்பிகள்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் சிப்பியக்கா. தண்ணீரில் என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று கடலைக் கேட்டால் வாய் திறக்காது, சிப்பியைக் கேட்கலாம். உயிர்ச் சிப்பிகளை வலைப்பையில் போட்டு விரிகுடாவில் ஆங்காங்கே தொங்கவிட்டால், ராப்பகலாகத் தண்ணீரை வடிகட்டி, ஈயம், செம்பு என்று கிடைத்ததையெல்லாம் சதையில் சேர்த்துக்கொள்ளும். பிறகு அவள் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கத்தியால் திறந்து, உலர்த்திப் பொடித்துச் சோதிப்பாள். வெளி உலோகம் துளிகூட ஒட்டிவிடக் கூடாதென்று வேலை நேரத்தில் தலையில் ஒரு ஹேர்பின்கூட இருக்காது.

அன்று செம்பின் அளவைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது. மற்ற பைகளெல்லாம் சமர்த்து. ஒன்று மட்டும் எகிறியிருந்தது. அதுவும் அவள் கணவனின் சிப்பிப் பண்ணைக்குப் பக்கத்துப் பை. அடுத்த வாரம் அறுவடை. இந்த எண் மேலிடத்துக்குப் போனால் பண்ணைக்குப் பூட்டுதான்.

ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவனோ ஏக குஷியில் இருந்தான்.

"பை அறுந்து விழுந்துடுமோன்னு புலம்பினியே. அன்னிக்கே நான் போய் இறுக்கிக் கட்டிட்டேன். உன்கிட்ட சொல்லவே இல்லல்ல?"

"எதால கட்டினீங்க?"

"பழைய மோட்டார்ல உருவின செம்புக் கம்பி. மேல் பூச்சையெல்லாம் சுரண்டி, பளபளன்னு பண்ணி, பையச் சுத்தி நாலு சுத்து."

பைகளை எடுத்துவரும் படகுக்காரர் கம்பியை அங்கேயே வெட்டி எறிந்துவிட்டுச் சிப்பிகளை மட்டும் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்திருந்ததால், அது அவள் கண்ணில் படவே இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வழிய, கையில் கிடைத்த துண்டால் அவனை நாலு சாத்து சாத்தினாள். ஏன் அடி விழுகிறது என்று அவனுக்கு விளங்கவே இல்லை.

காலையில் அவனை அறுவடைக்கு அனுமதி தரும் அதிகாரியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "நான் சொன்னா வீட்டுக்காரருக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நினைப்பீங்க சார். அதான் ஆளையே கூட்டிட்டு வந்துட்டேன்."

அவன் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரிக்குத் தேநீர் புரையேறியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "புதுப் பை தொங்கட்டும். படகுக்காரர் கட்டட்டும். ரிசல்ட் வர்ற வரைக்கும் அறுவடை கிடையாது."

புதுப் பை தொங்கிய வாரங்களை இருவரும் நாள் எண்ணி ஓட்டினார்கள்.

முடிவு வந்ததும் அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் படகுத்துறைக்கு ஓடினாள். படகில் அவன் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன்போல நின்றிருந்தான்.

"சுத்தமா இருக்கு," என்று கத்தினாள்.

அவன் போட்டிருந்த சட்டையோடு தண்ணீரில் குதித்தான். சொட்டச் சொட்டக் கரையேறி வந்து, "அடுத்த தடவை பை கட்டும்போது..." என்று ஆரம்பித்தான்.

"அடுத்த தடவை முதல்ல உங்க கையைத்தான் கட்டுவேன்," என்றாள் அவள். "நைலான் கயித்தால."