முதுகில் ஒட்டிய சிவப்பு டேக்

ஒரகடத்துல எங்க கம்பெனியில நான் குவாலிட்டி. டெஸ்ட் பண்ணாத பார்ட்டு லைன்ல வந்தா, செவப்பு டேக் ஒட்டி, வெளிய போகாம ஹோல்டுல நிறுத்தி வச்சிடுவேன். யார் கெஞ்சினாலும் நடக்காது. சூப்பர்வைசரே என்னைப் பாத்தா வேற வழியா போவாரு.

அப்பேர்ப்பட்ட நான், மாசமா இருந்தப்போ வந்த சுகர் பிரசவத்துக்கப்புறம் போச்சா இல்லையானு நாலு வருஷமா டெஸ்டே எடுக்கல. ஆறு வாரத்துல வாம்மானு டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. பயம்ங்க, வேற இன்னா? பாத்தாத்தானே சுகரு, பாக்காட்டி இல்லனு நானே ஒரு கணக்கு போட்டுகினேன்.

இத போய் கூட வேலை பாக்குற தூத்துக்குடி பொண்ணுகிட்ட கேன்டீன்ல உளறிட்டேன். ஒடனே அவ கைய நீட்டி என் தட்டுல இருந்த கேசரிய மட்டும் எடுத்துக்கினா.

ஷிப்ட் முடிஞ்சு கேட்டுக்கு வந்தா, செக்யூரிட்டி அண்ணன் கைய நீட்டி மறிச்சாரு. "செவப்பு டேக் போட்ட ஐட்டத்த வெளிய வுட முடியாதும்மா."

முதுகத் தடவிப் பாத்தா டேக்! அவ கையெழுத்து: "ஹோல்டு. காரணம்: டெஸ்ட் பண்ணல."

"எக்கா, நீங்க போட்ட ரூல்தான!"னு கம்பெனி பஸ் ஜன்னல்லேர்ந்து கத்துறா, பாவி. பஸ்ஸே சிரிக்குது. நாளைக்கே போறேன்னு எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணப்புறம்தான் கேட்டு தொறந்துச்சு.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் லேப்ல வெறும் வயித்துல குளுக்கோஸ் தண்ணி குடிச்சிட்டு ரெண்டு மணி நேரம் குந்திகினு இருந்தேன். வல்லக்கோட்டை முருகனுக்கு எதுனா வேண்டிக்கலாம்னா, வாயில வந்தது சக்கரப்பொங்கல். உடனே வாபஸ் வாங்கிட்டேன்.

டாக்டரம்மா ரிசல்ட்ட வச்சிகினு சொன்னாங்க: "புள்ள வயித்துல இருக்கறப்போ ஊறுற ஹார்மோனுங்க இன்சுலினை சரியா வேலை செய்ய வுடாது. அத ஈடுகட்ட, இன்சுலின் செய்யிற செல்லுங்க கூடுதலா உழைக்கணும். உன் செல்லுங்களால முடியல. ஹார்மோன் இறங்கிடுச்சு, ஆனா செல்லுங்க இன்னும் தேறல."

"டார்கெட்ட ஏத்துன சூப்பர்வைசர் போயிட்டாரு. ஓவர்டைம் பாத்த பசங்களுக்கு இடுப்பு வலி மட்டும் போகல. அதானே டாக்டர்?"

"அதேதான். இது சுகர் வியாதி இல்ல, நார்மலும் இல்ல. சாப்பாட்ட கவனி, நட, வருஷா வருஷம் டெஸ்ட் எடு."

"அப்போ நான் ரிஜெக்ட் இல்லையே?"னு கேக்கும்போதே அழுதுட்டேன். நாலு வயசுப் பொண்ண வச்சிகினு இத்தினி நாளா எதுக்கு பயந்தேனோ, அது அத்தினியும் வெளிய வந்துச்சு.

சரி பண்ணா தேறும்ன்ற பார்ட்டுக்கு எங்க கம்பெனியில மஞ்ச டேக். திங்கக்கிழமை நானே ஒண்ணு எழுதி டிபன் டப்பா மூடியில ஒட்டினேன்: "ரீவொர்க்." அடுத்த டெஸ்ட் தேதியும் போட்டேன்.

சாயங்காலம் செக்யூரிட்டி அண்ணன் டப்பாவ வாங்கி எழுத்துக் கூட்டிப் படிச்சாரு.

"மஞ்சளும் வெளிய போகக்கூடாதுதான்"னாரு. "நீ போம்மா. வூட்ல கொழந்த காத்துகினு கீது."