தேருக்கு முன்னால் இறக்கிய வண்டி

அக்காவின் சக்கர நாற்காலியை நாங்கள் வண்டி என்றுதான் சொல்வோம். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்ததில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இரண்டு வருஷம், தோட்டத்து லயத்தில் எங்களுக்கென்று இருந்த ஒற்றைக் காம்பராவுக்குள்ளேயே கிடந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில்தான் ஆஸ்பத்திரியில் வண்டி கொடுத்தார்கள்.

அதைத் தள்ளச் சொல்லிக்கொடுத்த ஆஸ்பத்திரிச் சிங்கள மிஸ், முதலில் என்னையே அதில் உட்காரவைத்துச் சரிவில் முன்பக்கமாகக் கொஞ்சம் இறக்கினார். குப்புற விழப்போகிறேன் என்று கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். பிறகு திருப்பி, பின்பக்கமாக இறக்கினார். முதுகு சாய்மானத்தில் அமர்ந்திருந்தது, பயமே இல்லை. இறக்கத்தில் எப்போதும் இப்படித்தான், தள்ளுகிறவன் கீழே நின்று அடி அடியாக இறங்கவேண்டும் என்றார். எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கவில்லை என்று இன்று சாக்குச் சொல்ல முடியாது.

லயத்துக்குக் கீழே பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். அங்கிருந்த ஆயாவுக்கு ஒத்தாசையாக அக்கா போகத் தொடங்கினாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் நான் அவளைப் பின்பக்கமாக இறக்கி விடுவேன். நடுவில் மழைத்தண்ணீர் போகும் கான் ஒன்று குறுக்கே ஓடும், மேலே ஒரு பலகைக்கல் போட்டிருக்கும். பெரிய சக்கரங்கள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். மாலையில் அவள் சேலையெல்லாம் பால்வாடையோடு வருவாள். கட்டிலிலிருந்து வண்டிக்குக் கையை ஊன்றித் தானே மாறிக்கொள்ளவும் பழகிவிட்டாள். இந்தத் தோட்டத்திலேயே பெரிய உத்தியோகம் உனக்குத்தான் என்று கேலி செய்வேன்.

மாரியம்மன் திருவிழா வந்தது. தேர் பிள்ளைக் காம்பராவுக்கு எதிரே வந்து நிற்க, நான் வழக்கம்போல அக்காவை இறக்கத் தொடங்கினேன். எங்கள் ஆட்கள் கும்பிட்டு விலகும்போதுகூடத் தேரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போவார்கள். கீழேயிருந்து கோயில் தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, சாமிக்கு முதுகக் காட்டி இறக்குற?"

எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அக்கா மெதுவாகச் சொன்னாள். "நீ எப்பவும்போல இறக்குடா. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது."

சாமியைப் பற்றியா எனக்குக் கவலை? நாலு பேர் முன்னால் என் மானம் போகிறதே என்றுதான். சும்மா இரு என்று அவளை அதட்டிவிட்டு வண்டியைத் தேர்ப்பக்கம் திருப்பி முன்பக்கமாக இறக்கினேன்.

கானருகே முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் பலகைக்கல்லின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. வண்டி நின்றது, அக்கா நிற்கவில்லை. வலது முழங்கை முறிந்துபோனது.

ஓடிவந்தவர்களிடம், நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். "பிரேக் புடிக்கலங்க."

வண்டி ஓடும்போது அந்தப் பிரேக்கைப் போடுவதே இல்லை, நிறுத்தி வைக்கத்தான் அது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் அது தெரியும். நான் அவளைத் தூக்குவதற்குக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு பழி முழுவதும் வண்டிமேல் விழுந்தது. ராசியில்லாத வண்டி, இன்னொரு தடவை என் பிள்ளையைக் கொன்றே போடும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கை எலும்பு கூடினால் பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பப் போகலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. கடைசியில் இறம்பொடைப் பக்கம் ஒரு பெரியவருக்கு அதைக் கொடுத்துவிட்டோம். நான்தான் லொறியில் ஏற்றினேன். கால்பலகைகளைக் கழற்றி, வண்டியை மடித்து, அசையாமல் கயிற்றால் கட்டி, மிஸ் சொன்னபடி ஒன்று விடாமல் செய்தேன். வெட்கங்கெட்டவன்.

அதற்குப் பிறகு அக்கா ஏழு வருஷம் இருந்தாள். அந்த லயத்துக் காம்பராவுக்குள்தான். கை கோணலாகக் கூடியது, தலைகூட அம்மாதான் வாரிவிட வேண்டும். கீழே பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள்.

ஒரு மழைநாளில், நான் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு உன்னைய அடிப்பாங்கன்னுதான் அப்புடிச் சொன்னேன். வண்டி மேல குத்தமில்லன்னு நீயே அம்மாகிட்ட சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டா."

அம்மா அப்போது அடுப்படியில்தான் இருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கூப்பிட்டாலே கேட்டிருக்கும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.