வெறும் இரைச்சல்

எங்கள் வீட்டில் ரேடியோ அலறும். தெருவில் போகிறவர்கள் நின்று காலைச் செய்தியைக் கேட்டுவிட்டுப் போவார்கள். "என்ன அண்ணாச்சி, காது அடைச்சிட்டா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்பார். பிறகு, மெஷின்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிற நான் சத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறேன் போலும் என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன். உண்மையான காரணம் அடுக்களையில் இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்ல?

எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் உட்கார்ந்துகொண்டு, மெட்ராஸ் பத்திரிகை ஒன்றுக்கு மாதாமாதம் ரேடியோ, டேப் ரெக்கார்டர், கால்குலேட்டர் என்று எழுத ஆரம்பித்தேன். அவற்றில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்து, விளக்கத்தைப் படித்து, ஏதோ பிறந்ததிலிருந்தே அதோடு புழங்குகிறவன் மாதிரி எழுதுவேன். வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வாசகர் விடாமல் கார்டு போடுவார். "ஐயா, எங்கள் ஊரில் கரண்டு வருவதே பெரிய பாடு. நீங்கள் எழுதுகிற சாமானை நான் எதில் சொருக?" நியாயமான கேள்வி. பதில் எழுத எனக்குத்தான் துப்பில்லை.

என் வீட்டுக்காரி அந்த வாசகரின் கட்சி. "கண்ணால பாக்காததுக்கெல்லாம் கத எழுதுதீய. வெளங்கிரும்!" என்பாள். அதை அவள் புறவாசலில் நின்று சொன்னால் தெருமுனை வரை கேட்கும். அவளுடைய அப்பாவுக்குச் சுரண்டைச் சந்தையில் காய்கறிக் கடை. கூவிக் கூவி விற்ற குடும்பம். அவளுக்கும் அவள் அக்காவுக்கும் ஒரே தொண்டை. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் ஒருத்தி கூப்பிட்டால் மற்றவளிடம் போய் நின்று அசடு வழிந்திருக்கிறேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சொந்தக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து எனக்கு ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் கண்ணால் பார்த்து எழுத ஒரு சாமான்! மைக்கின் திறமையைச் சோதிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை திட்டமிட்டேன். அதற்குக் குற்றாலத்து அருவியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஆனி மாதம், நல்ல சாரல். கைக்குழந்தையைத் துண்டால் போர்த்திக்கொண்டு அவளும் கூட வந்தாள். டவுன் பஸ் கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அருவியவா டேப்புல புடிக்கப் போறிய? ஊருக்காரரு செய்யுத வேலையா இது?" என்று சிரித்தார். எனக்குக் கோபமாக வந்தது. அவள் அவரோடு சேர்ந்து சிரித்தாள்.

பேரருவிக்கு எதிரே, திவலை படாத ஒரு படியில் உட்கார்ந்து, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பிடித்தேன். அந்த மாதிரி ரெக்கார்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையை மெஷினே பார்த்துக்கொள்ளும். மைக்கின் பக்கத்தில் ஒருவர் பேசினால் தூரத்துச் சத்தத்தைத் தானாகவே தாழ்த்திவிடும். பக்கம் முடிகிற நேரத்தில் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அவள் என் பக்கம் குனிந்து, மைக்குக்கு மேலேயே ஏதோ கத்தினாள். என்ன கத்தினாள் என்பது பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கத்தினாள் என்பது மட்டும் நினைவிருந்தது.

அந்த ஐப்பசியில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். உயிர் தங்கவில்லை.

சாவு விழுந்த தெருவில் யாரும் ரேடியோ வைக்க மாட்டார்கள். பெரிய தலைவர்கள் செத்தால் ரேடியோவில் பாட்டு நின்று, வெறும் வீணையும் சாரங்கியுமாக ஓடும். வீதியில் போகிறவனுக்கும் விஷயம் புரிந்துவிடும். எங்கள் தெருவில் அந்த வீணைகூட இல்லை. கொழும்பிலிருந்து வரும் பாட்டோடு சமைத்துக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் எங்களுக்காக வாயைப் பொத்திக்கொண்டன. அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் அக்கா சுரண்டையிலிருந்து வந்திருந்தாள். சிறு வயதிலேயே புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது. எனக்கு மதினி. காரிய நாளன்று வீட்டில் சாமி பாட்டாவது கேட்கட்டும் என்று நினைத்து, மேசையில் கிடந்த ஒரு கேசட்டை எடுத்து, கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே இருந்த ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கி வந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான், எந்தக் கேசட் அது என்று பார்த்தேன். குற்றாலத்தில் அருவியைப் பிடித்த கேசட். "யாரக் கேட்டு எடுத்தீய?" என்று வந்தவர்கள் முன்னால் கத்தினேன்.

மதினி பயந்துபோனாள். "போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். வெறும் இரைச்சல்தான் கேட்டுது. கடைக்காரரும் போட்டுப் பாத்துட்டு, காலி கேசட்டுன்னுதான சொன்னாரு. நான் என்னத்தக் கண்டேன்?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் இது ஏதோ தண்ணீர்ச் சத்தம் என்று காதைத் தீட்டியிருப்பான். சாரல் காலமெல்லாம் அந்த ஓசையைக் கேட்டே வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு சத்தமாகவே படாது. ஒன்றும் இல்லாததைப் போட்டால் என்ன கேட்குமோ, அதுதான் எங்களுக்கு அருவி. இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு நான் கேசட்டைப் பிடுங்கி டிரங்குப் பெட்டிக்குள் எறிந்தேன். ரெக்கார்டிங் கடைக்காரர்கள் ஒரு பக்கத்தைக் கடைசிவரை நிரப்பித்தான் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை எவன் சரிபார்ப்பான்?

மதினி எங்களோடேயே தங்கிவிட்டாள். அங்கேதான் என் கஷ்டம் ஆரம்பித்தது. முன்னறையில் எழுதிக்கொண்டிருப்பேன். அடுக்களையிலிருந்து குழந்தையைப் பார்த்து, "ஏட்டி, இங்கன வா, சாப்பிடு!" என்று குரல் வரும். பேனா நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் உடம்பு எழுந்திருக்கப் பார்க்கும். பிறகுதான் புத்தி வந்து உட்காரவைக்கும். செத்தவள் வீட்டுக்குள் பேசிக்கொண்டே திரிந்தால் ஒருத்தன் என்ன செய்வான்? ரேடியோவைக் கூட்டினேன். செய்தி, உழவர் நிகழ்ச்சி, கச்சேரி, எது வந்தாலும் சரி. மதினிக்கு ஒருநாள் அது புரிந்திருக்க வேண்டும். அவளும் மெதுவாகப் பேசப் பழகிவிட்டாள். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. சந்தையில் பிறந்த தொண்டை, எங்கள் வீட்டில் கிசுகிசுத்துக்கொண்டு கிடந்தது. அந்தக் கிசுகிசுப்பில்தான் என் மகள் வளர்ந்தாள்.

மகள் இரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் என் முன்னால் நின்றாள். "எப்பா, எங்கம்மா எப்படிப் பேசுவா?"

போட்டோ இருந்தது, அதனால் முகத்தை அவள் கேட்டதில்லை. குரலுக்கு நான் எங்கே போக? "நல்லாப் பேசுவா" என்றேன். "நல்லான்னா எப்படி?" என்றாள். ஊர் முழுக்க ஒலிப்பதிவு பற்றிப் பாடம் எடுக்கிறவன், பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை போட்டுக்காட்ட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. டிரங்குப் பெட்டியின் பக்கம் கண் போனது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததையும் கவனித்தேன்.

அதற்குச் சில வாரம் கழித்து, ரெக்கார்டிங் கடைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதே கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் யாருக்கோ முருகன் பாட்டு பதிந்துகொண்டிருந்தார். கடைசிப் பாட்டு முடிந்ததும் மெஷினை நிறுத்தினார். உள்ளே இன்னும் கொஞ்சம் டேப் மிச்சம் இருந்தது.

"மிச்சத்த ஏன் விடுதீய? இன்னொரு பாட்டுப் போடலாம்லா?" என்றேன்.

"பாதியில அந்துரும் அண்ணாச்சி. சினிமாப் பாட்டுன்னா எங்க வேணா அறுத்து விடுவேன். சாமி பாட்ட அறுக்கலாமா? கட தொறந்த நாள்லேருந்தே அந்தப் பழக்கம் நம்மகிட்ட கெடையாது."

நான் சைக்கிளை எடுத்தது தெரியும், வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பது தெரியாது. டிரங்குப் பெட்டியைத் துழாவிக் கேசட்டை எடுத்தேன். மகள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவசரத்தில் பொத்தானை இரண்டு தடவை தவறாக அழுத்தினேன். கடைசிப் பாட்டு ஓடியது, முடிந்தது. டொக்கென்று ஒரு சத்தம். அப்புறம் அருவி.

அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தை வீறிட்டது. பேரருவி சட்டென்று தாழ்ந்து பின்னால் போனது. அவள் வந்துவிட்டாள்.

"போதும், அத அமத்துங்க! புள்ள முழிச்சிட்டா. தண்ணி எங்கன போயிரப் போவுது? அது இங்கனதான் கெடக்கும், நாளைக்கும் வந்து புடிச்சிக்கிடலாம்!"

பக்கம் முடிந்து மெஷின் நின்றது. நான் வாய்விட்டு அழுதேன். மகள் அழவில்லை. அவளுக்குக் குழப்பம். நிலைப்படியில் ஈரக்கையோடு நின்ற மதினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெரியம்மா, நீ எதுக்கு இப்படிச் சத்தம் போடுத?"

"அது நான் இல்லட்டி" என்றாள் மதினி, வழக்கம்போல மெதுவாக. "ஒங்கம்மா."

மகள் டேப் ரெக்கார்டரைப் பார்த்தாள். மறுபடி பெரியம்மாவைப் பார்த்தாள். "ஒன் குரலாட்டம்தான இருக்கு. அப்ப நீ மட்டும் ஏன் மெதுவாப் பேசுத?"

மதினி என்னைப் பார்க்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் செய்தி ஆரம்பித்ததும் ரேடியோவைக் குறைத்தேன். அடுக்களையில் பெரியம்மாவும் மகளும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"மதினி, காப்பி ஆச்சா?" என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

"கேக்கல மதினி. சத்தமாச் சொல்லுங்க."

ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருமுனை வரை கேட்கும்படி பதில் வந்தது. "இந்தா வாரேன்!"

வழக்கம்போல உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. ரேடியோவைக் கூட்டவில்லை.