ஏழு வாத்துகளும் மார்பு வரை ரப்பரும்

வாத்து வேட்டை இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். அதை நான் செய்திருக்கிறேன். ஆனாலும் என் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. நான் வேட்டையாடியது என் சொந்த வாத்துகளை. கூடு கட்டி, தவிடு பிசைந்து வைத்து வளர்த்த ஏழு வாத்துகள் என்னை விட்டு ஓடிப்போய்க் கண்மாயில் குடியேறிவிட்டன. இருபத்தைந்து வருட இல்லறத்தில் இந்த யோசனை என் மனைவிக்கும் வந்திருக்கலாம். செய்து காட்டியவை வாத்துகள்தான். அவற்றைத் திரும்பப் பிடிப்பதற்காக, ஐம்பத்திரண்டு வயதில், பூட்சும் பேன்டும் ஒன்றாய் ஒட்டிய, மார்பு வரை வரும் ரப்பர் உடை ஒன்றை வாங்கினேன்.

வல்லத்திராக்கோட்டையைத் தாண்டி எங்கள் வீடு. கொல்லைப்புறப் படலைத் திறந்தால் கண்மாய். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்தவரிடம் ஏழு வாத்துகளை ஆசையாய் வாங்கிவந்தேன். மனைவி அவற்றைப் பார்த்தாள், பிறகு கண்மாயைப் பார்த்தாள்.

"பின்னாடி கடல் மாதிரி தண்ணி கெடக்கு. போகாதன்னு என்ன சொல்லி நிறுத்துவீங்க?"

வாத்து விசுவாசமான பிராணி என்று எங்கோ படித்ததாகச் சொன்னேன். எங்கே என்று கேட்டாள். அது நாய்களைப் பற்றிய புத்தகம் என்பது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள் படலைச் சாத்த மறந்தேன். ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து மணிக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்புகிறவர்களைப் போல, திரும்பிப் பாராமல் போய்விட்டன. பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தன் எருமைகள் நான்கையும் தினமும் கண்மாயில் இறக்கிவிடுவார். என் வாத்துகள், எருமைகள் கலக்கிவிட்ட சேற்றில் தலையை முக்கியபடி, அவற்றை ஒட்டியே திரிந்தன. என் தலை தெரிந்தால் மட்டும் நடுத்தண்ணீருக்கு விலகின.

முதலில் லுங்கியோடு இறங்கினேன். இடுப்பளவு ஆழம் வந்ததும் லுங்கி தாமரை இலை மாதிரி எனக்கு முன்னால் விரிந்து மிதந்தது. அதைப் பிடித்தால் வாத்தைப் பிடிக்கக் கை இல்லை. காலில் சீமைக்கருவேல முள் ஏறியதும் லுங்கியையும் விட்டுவிட்டேன். எருமைக்கார அம்மா நாகரிகமாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பைக்கில் வந்து இறங்கினார்.

"சார், வாத்து ஒங்களோடதா?"

"ஆமாங்க."

"நல்லா மேயிதுங்க. அடுத்த திங்கக்கெழம மீன்குஞ்சு விடுறேன். ஒவ்வொண்ணும் வெரல் நீளங்கூட இருக்காது. இதுக ஒரு பக்கமா வந்துச்சுன்னா ஒரு சட்டிக் குஞ்சு காலி."

"பிடிச்சிருவேங்க."

"பிடிங்க. ஞாயித்துக்கெழம பொழுது சாயிற வரைக்கும் அது ஒங்க வாத்து. அதுக்கப்பறம் எங்க வாத்து. நம்ம ஆளுக எட்டுப் பேரு வலையோட வருவாங்க. மசாலாவ அவங்களே அரைச்சுக்குவாங்க."

குரலில் கோபம் துளியும் இல்லை. அவருடைய ஒரு வருடப் பிழைப்பு அந்தக் குஞ்சுகளில் இருந்தது. நான் அவர் இடத்தில் இருந்தால் மசாலாவை முன்பே அரைத்திருப்பேன்.

வாத்தே வேண்டாம் என்ற என் மனைவி, இப்போது தினமும் காலையில் காபி டம்ளரோடு படலோரம் நின்று தண்ணீரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். குத்தகைக்காரர் சொன்னதைச் சொன்னேன். எண்ணுவதை நிறுத்தினாள்.

"அதுல ஒண்ணு நொண்டுதுங்க. அதையுமா கொழம்பு வைப்பாங்க?"

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழாமல் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு வேறு வழியில்லை.

எந்த உடையை வாங்குவது என்ற ஆராய்ச்சியில் இரண்டு நாள் போனது. உரக்கடையில் கிடைத்த கம்பூட் முழங்காலோடு நின்றது; கண்மாய் அதற்கு மேலும் இருந்தது. பிறகு கைபேசியில் தேடினேன். அங்கே இந்த உடையை மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்காரர் ஒருவர் புல்லுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை, இலக்கிய விமர்சனத்துக்குக் கூட நான் கொடுக்காத கவனத்தோடு படித்தேன். ஒருவர் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றும் உள்ளே கதகதப்பாக இருந்ததாக நெகிழ்ந்திருந்தார். கதகதப்பு, புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை. தடித்த வகையை விட்டு மெல்லியதற்கு வந்தேன். மெல்லியது கிழியும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இந்த இடத்தில் மனிதகுலம் இரண்டாகப் பிரிந்திருந்தது.

கடைசியில் அலுவலக நண்பர் ஒருவர் என்னைக் காப்பாற்றினார். அவருடைய மச்சினன் மணமேல்குடிப் பக்கம் இறால் பண்ணையில் வேலை பார்க்கிறார். தினமும் இந்த உடையில்தான் நிற்கிறார். போன் போட்டேன்.

"சார், நின்னு பாத்து எடுக்காதீங்க. குத்தவச்சுப் பாத்து எடுங்க. குத்தவைக்கயில தொடைக்கிட்ட இழுத்துச்சுன்னா ரெண்டே நாள்ல ஒட்டு விட்டுரும்."

"சைஸ்?"

"ஒடம்புக்கு ஒரு சைஸ் கூட எடுங்க. பாதம் மட்டும் கரெக்டா இருக்கணும். பூட்ஸ் லூசா இருந்தா, சேறு அத வச்சுக்கிட்டு ஒங்கள மட்டும் அனுப்பிரும்."

"போட்டா சௌகரியமா இருக்குமா?"

"காலைல போட்டா மத்தியானம் கழட்டி வேர்வையக் கவுத்து ஊத்துவோம். மத்தபடி சௌகரியந்தான். மறக்காம இடுப்புல பெல்ட்டு போட்டுக்கங்க சார், விழுந்தா தண்ணி உள்ள போகாது." பிறகு மரியாதையோடு கேட்டார். "சாருக்கு எத்தன ஏக்கர் பண்ண?"

"ஏழு வாத்து."

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது. "வாத்தா சார்?" என்றார்.

வியாழக்கிழமை பார்சல் வந்தது. கறுப்பு நிறம். கூடத்தில் மாட்டிக்கொண்டு, நிபுணர் சொன்னபடி குத்தவைத்தேன். தொடையில் இழுக்கவில்லை.

"எந்திரிங்க பாப்போம்," என்றாள் மனைவி.

கட்டிலைப் பிடித்து எழுந்தேன். ஒட்டு விடவில்லை, முழங்கால்தான் கொஞ்சம் விட்டது. தேர்வு சரி என்று அறிவித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை விடுப்பு போட்டுவிட்டு இறங்கினேன். உடை அருமை. மார்பளவு தண்ணீருக்குள் காய்ந்த காலோடு நடப்பது ஒரு பேரின்பம். அந்தப் பேரின்பம் இருபது அடி நீடித்தது. பனிக்கட்டியை உடைத்து நின்றவர் சீமைக்கருவேலம் வளர்ந்த கண்மாயில் நின்றதில்லை. இடது தொடையில் சில்லென்று ஒரு கோடு ஓடியது. பிறகு வலது முழங்காலில். ஓட்டைகள் தண்ணீரை உள்ளே விட்டன. வெளியே விடுவதில் அவற்றுக்கு உடன்பாடில்லை. இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு குடம் நீரோடு கரையேறி, மல்லாந்து படுத்து, கால்களை ஒரு மரத்தின் மேல் தூக்கி வைத்தேன். கண்மாய் என் மார்பு வழியாகத் திரும்பிப் போனது. கரைமேல் போன மினி பஸ் வேகத்தைக் குறைத்தது.

சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இது என்னவென்று கேட்கவில்லை. விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எத்தன முள்ளு ஏறிருக்கும் சார்?"

"தெரியலீங்க."

"காத்தடிச்சாத் தெரியப்போகுது."

மார்புப் பக்கத்தை காற்றுக் குழாயின் நுனியோடு சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டி, கம்ப்ரசரைப் போட்டார். முதலில் கால்கள் விறைத்தன. பிறகு இடுப்பு வந்தது, தொப்பை வந்தது. தலையும் கையும் இல்லாத ஓர் ஆள், என்னைவிடக் கொஞ்சம் கம்பீரமாக, கடை பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தார். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு இங்கிட்டு வந்தார்கள்.

"யாரு மாப்ள இது?" என்றார் ஒருவர்.

"சாருதான்," என்றார் பஞ்சர்க்காரர், நிமிராமல்.

காலைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். சுற்றி நின்றவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு ஒட்டு. தொடைப் பக்கம் மட்டும் இரட்டை ஒட்டு.

"இனிமே டயரவிட நல்லா ஓடும் சார்," என்றார். நீடித்து உழைப்பது பற்றி நான் படித்த அத்தனை கருத்துகளிலும் இவ்வளவு தெளிவான வாக்கியம் இல்லை.

ஞாயிறு நாலு மணிக்கு இறங்கினேன். மனைவி படலைத் திறந்துவைத்துக் கரையில் நின்றாள். குத்தகைக்காரரின் எட்டுப் பேரும் வலையோடு முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்ததைத் தண்ணீரிலிருந்தே பார்த்தேன்.

மூன்று முறை நெருங்கினேன். மூன்று முறையும் ஏழும் எருமைகளுக்கு அங்கிட்டுப் போய் நின்றன. வெயில் மஞ்சளாகியது. எருமைக்கார அம்மா வந்து குரல் கொடுத்தார். நான்கு எருமைகளும் முதுகில் தண்ணீர் வழியக் கரையேறின. அவை போனால் வாத்துகளை ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கவும் ஆள் இல்லை. அவசரமாக எட்டு வைத்தேன். இரண்டு காலும் முழங்கால் வரை சேற்றில் இறங்கிப் பிடித்துக்கொண்டன.

"என்னங்க நின்னுட்டீங்க?" என்று மனைவி கத்தினாள்.

"யோசிக்கிறேன்."

மூச்சு வாங்க ஒரு காலைப் பிடுங்கினேன். அடுத்தது இன்னும் கீழே போனது. அதைப் பிடுங்கினேன். ஒவ்வொரு பிடுங்கலுக்கும் அடியிலிருந்து கருஞ்சேறு கொப்பளித்து மேலே வந்தது. அப்போது நொண்டி வாத்து திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு நேராக என்னிடம் வந்து, நான் கலக்கிய சேற்றில் தலையை முக்கி, ஒரு நத்தையோடு எழுந்தது. மற்ற ஆறும் அதைப் பார்த்தன.

"திரும்பிப் பாக்காதீங்க. அப்படியே நடந்து வாங்க," என்றாள் மனைவி. அவள் குரல் தணிந்திருந்தது.

காலை இழுத்து இழுத்து, முடிந்தவரை சேற்றைக் கலக்கியபடி நடந்தேன். பின்னால் சளப் சளப் என்று சாப்பாட்டுச் சத்தம். முன்னால் அவள் எண்ணினாள். "நாலு. அஞ்சு வருது. ஆறு. நொண்டி ஒங்க காலுக்கிட்டயே வருது, மிதிச்சிராதீங்க. ஏழு."

கரை வந்ததும் வலைக்காரர்கள் எட்டுப் பேரும் தாமாகவே எழுந்து, இரண்டு பக்கமும் கையை விரித்து அணை கட்டினார்கள். நடுவில் ஏழும் நடந்து கொல்லைக்குள் போயின. படலைச் சாத்திக் கொக்கி போட்டவர், பூண்டு உரித்தவர். போகும்போது பூண்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு ஒட்டும் விடவில்லை. உள்ளே என் சொந்த வியர்வையைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மனைவி சிரித்தாள். நான் இடுப்பு பெல்ட்டைக் கழற்றியபடி, சரியான உடையைத் தேர்ந்தெடுப்பதன் முக்கியத்துவம் பற்றியும், பிராணிகளுக்கு மனிதன் மேல் நம்பிக்கை வர நாளாகும் என்பது பற்றியும் எல்லோருக்குமாக நாலு வார்த்தை சொன்னேன்.

எருமைக்கார அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் எருமைகளைத் தட்டி ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்க எருமை நாலும் கரையேறிருச்சுங்க சார். பெறகு வாத்து வேற யாரு பின்னாடி வரும்?"