துளசிராமன் சார் மீசை எடுத்த கதை

துளசிராமன் திருநின்றவூர் வீட்டைக் காலி செய்துகொண்டு புனேயில் இருக்கும் மகள் ஈஸ்வரியிடம் கிளம்பியது ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சாமான் ஏற்ற யாரையும் அவர் கூப்பிடவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் ரயில் பிடித்துப் பட்டறைத் தொழிலாளி பென்னி வந்து நின்றார்.

"நாஷ்டா ஆச்சா பென்னி?" என்றார் துளசிராமனின் மனைவி செல்வி.

"ஆச்சும்மா. நீங்க போங்க, பீரோவ நான் பாத்துக்கிறேன்."

எல்லாம் ஏற்றி முடிந்ததும் துளசிராமன் பென்னியின் முன்னால் போய் நின்றார். "கடைசியா ஒண்ணு கேக்கறேன். காதை ஒரு தடவ டெஸ்ட்டுக்குக் காட்டிடுங்க."

பென்னி அவருடைய உதடுகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை வண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கயிறு லூசா இருக்கு சார்" என்றார்.

காது மந்தமானவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு மேல் பேச்சில்லை. வண்டி கிளம்பியது.

புனேயில் பேரன் பள்ளிக்குப் போன பிறகு வீடு ஓய்ந்துவிடும். அந்த நேரங்களில் துளசிராமனுக்குக் கும்மிடிப்பூண்டிதான் ஞாபகம் வரும். முப்பது வருஷம் பாடம் நடத்திய வகுப்பறைகளை விட, மாதம் ஒரு ஞாயிறு மட்டும் போய்வந்த அந்தத் தகரக் கூரைக் கூடம் எப்படி இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்று அவருக்கே ஆச்சரியம்.

ஆசிரியர்கள் ஊர்களுக்குப் போய்ப் பொதுமக்களிடம் பேச வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒருமுறை முடிவெடுத்தது. நூலகங்களையும் நல்ல பள்ளிக்கூடங்களையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமல் மிச்சமிருந்தது தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், மாதா கோயிலை ஒட்டிய சமூகக் கூடம். அது துளசிராமன் தலையில் விழுந்தது. திருநின்றவூரில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும்.

கூடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஹேமர் ஷாப் ஆட்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை இயந்திரச் சம்மட்டியால் அடித்து உருவாக்கும் பட்டறை அது. பூசை முடிந்து வெளுத்த சட்டையோடு வந்து உட்கார்வார்கள். துளசிராமன் எடுத்துக்கொண்ட பொருள் ஒலி. பலகையில் அலைகளை வரைந்து வரைந்து விளக்கினார். ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் கைத்தட்டல் கூரையைத் தூக்கியது.

"எங்க பசங்க கூட இப்படிக் கேட்டதில்ல செல்வி. கண்ண எடுக்காம பாக்கறாங்க" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

மூன்றாவது கூட்டத்தின் முடிவில், ஆர்.கே.பேட்டையில் தன் நிலத்தில் அறுவடை என்பதால் அடுத்த மாதம் பேச்சு கிடையாது என்று பலகையைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் அவர் களத்துமேட்டில் நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"சார், நான் கிறிஸ்டினா, பென்னி ஊட்டுக்காரம்மா. எல்லாம் கூடத்துல உக்காந்துகினு இருக்காங்க. ரயில் லேட்டா சார்?"

"இன்னிக்கு இல்லன்னு போன தடவையே சொன்னேனேம்மா!"

"எங்க பாத்து சொன்னீங்க?"

அவருக்கு விளங்கவில்லை. கிறிஸ்டினா சிரித்துவிட்டார். "அவங்களுக்கு வாய் தெரியணும் சார். ஹேமர் அடிக்கற எடத்துல யாரு காதால கேக்கறா? போர்டு பாத்து பேசுனா இன்னா கேக்கும்? போதாததுக்கு உங்க மீச வேற, உதட்ட மூடிக்கினு."

"அப்ப ஏம்மா கைதட்டினாங்க?"

"அவ்ளோ தூரத்துலேந்து ஒரு மனுசன் வந்து தொண்டத் தண்ணி வத்தப் பேசறாரு. தட்டாம எழுந்து போவாங்களா?"

துளசிராமன் களத்துமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை செல்வி காபியோடு வந்து அவரைப் பார்த்து அலறினார். "ஏங்க, மீச எங்க? உங்க அப்பா இருந்திருந்தா, மீச இல்லாத ஆம்பளைய வயல்ல எறங்க விட்டிருக்க மாட்டாரு!"

அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சுகள் நடந்தன. வாக்கியத்தை முடித்துவிட்டுப் பலகைக்குத் திரும்புவார். வரைந்து முடித்துத் திரும்பி நின்ற பிறகே வாய் திறப்பார். நேரம் இரட்டிப்பானது. கைத்தட்டல் குறைந்து கேள்விகள் வந்தன. "மொட்ட மூஞ்சி நல்லாத்தான் சார் இருக்கு, ரயில்ல சீட்டு குடுப்பாங்க" என்று பென்னி கலாய்த்தார். ஒருநாள் அவர்களில் ஒருவரான சடையப்பன் எழுந்து கேட்டார்: "போன காது திரும்ப வருமா சார்?"

துளசிராமனுக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மாதம், செவித்திறன் துறையில் பாடம் நடத்தும் விக்டோரியாவை அழைத்துவந்தார். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் சோதித்துப் பார்த்தால்தான் முடியும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். காது சோதிக்கும் கருவியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். யாரும் எழவில்லை.

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சா கேட்டுக்கு வெளியதான் சார்" என்றார் பென்னி. "இப்ப அவருக்கு சந்தேகம்தான். சோதிச்சா ஊர்ஜிதம் ஆயிடும். எதுக்கு பேஜாரு?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றார் விக்டோரியா.

"நீங்க சொல்ல மாட்டீங்க மேடம். நாங்கதான் முன்ன மாதிரி மேஸ்திரி சொன்னது கேட்டாப்ல தைரியமா மண்டையாட்ட முடியாதே."

எல்லாரும் சிரித்தார்கள். பென்னி எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள் என்று துளசிராமனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு மாதமும் கேட்டார். ஒவ்வொரு மாதமும் பென்னிக்கு நாற்காலி அடுக்கவோ மைக் ஒயர் சுற்றவோ வேலை வந்துவிடும். அப்படியே வருஷங்கள் ஓடின. ஓய்வு பெற்றுப் பேச்சு நின்ற பிறகும் அந்த ஒன்று மட்டும் அவருக்குள் அடைத்துக்கொண்டே இருந்தது. இத்தனை ஞாயிறுகள் பேசியதில் ஒரு மனிதரைக்கூட எழுந்து நடக்கவைக்க முடியவில்லையே என்று புனே பால்கனியில் நின்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒரு பிற்பகல் கைபேசியில் ஒரு செய்தி மினுங்கியது.

"சார், பென்னி. நேத்து விக்டோரியா மேடத்துகிட்ட போயிட்டு வந்தேன். எடது காது போயிடுச்சாம். வலதக் காப்பாத்திக்கலாம்னாங்க. வேல செய்யறப்ப சத்தம் உள்ள போவாம காதுல போட்டுக்க ஒண்ணு குடுத்தாங்க, போட்டுக்கினுதான் போறேன். மேஸ்திரி பாத்தாரு. இன்னும் ஒண்ணும் கேக்கல. கேட்டா சொல்லிடுவேன். சடையப்பனும் இன்னும் நாலஞ்சு பேரும் வர்றேன்றாங்க, ஆனா தனியா போவ பயப்படறாங்க. மேடத்த ஒரு ஞாயிறு நம்ம கூடத்துக்கு வரச் சொல்லுங்க சார். நாற்காலி நான் போட்டு வெக்கிறேன்."