பேராற்றின் கறுப்புத் தண்ணீரும் எங்கள் ஐயாவின் சத்தியமும்

ஐயா பிறந்த ஊரில் ஆறு கிடையாது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே துலாக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் அவர். ஓடுகிற தண்ணீர்மேல் அவருக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "எங்கயிருந்து வருது, எங்க போகுது எண்டு தெரியாத ஒண்டை வயலுக்குள்ள விடலாமோ?" என்று கேட்பார். அப்படிப்பட்டவரைக் காலம் கொண்டுவந்து பேராற்றின் கடைக்கோடியில் குடியேற்றியது.

ஐயா மறைந்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியன்று உங்கள் கைகளுக்கு வரும் இந்த நினைவு மலரில் ஐயாவின் குணநலன்களை எழுதும்படி தம்பிமார் என்னைக் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னால், ஐயாவின் முதற் குணம் சந்தேகம். தேங்காயைத் தட்டிப் பார்ப்பார், ஆட்டிப் பார்ப்பார், பிறகும் கடைக்காரருடைய முகத்தைப் பார்ப்பார். பரியாரியார் தந்த சூரணத்தை அம்மா முதலில் நாக்கில் வைத்துக் காட்ட வேண்டும். அந்தக் குணம் குறைவில்லாமல் வந்து சேர்ந்தது எனக்குத்தான். ஆதலால் தம்பிமார் கேட்டதை விட்டுவிட்டு, ஐயாவின் பெயரைக் கெடுத்த ஆற்றைப் பற்றி எழுதப் போகிறேன்.

சிறு வயதிலேயே தகப்பனை இழந்த ஐயா, பிறர் தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துத் தம் சகோதரிகளைக் கரைசேர்த்தார். குடியேற்றத் திட்டத்தில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அதையும் சந்தேகித்தார். "சும்மா தாறதெண்டா ஏதோ இருக்கு" என்றாராம். இருந்தது உண்மைதான். மலைக்காய்ச்சலும் யானையும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களுக்கு வாய்த்த வயல் கடல்நீரேரியான நந்திக்கடல் ஓரத்தில், எல்லாருடைய வயலுக்கும் கீழே இருந்தது.

பேராற்றை இன்றைய பிள்ளைகள் மேலே உள்ள பெரிய குளத்தோடு சேர்த்துத்தான் அறிவார்கள். அக்காலத்தில் ஆற்றை மறிக்க அந்தக் குளம் இல்லை. வவுனியாவுக்கு வடக்கே காட்டுக்குள் பிறக்கும் ஆறு வடகிழக்காக ஓடி, நந்திக்கடலில் வந்து விழுகிறது. அதற்கு மேலே எத்தனையோ ஓடைகள். எங்கள் ஊரார் இரண்டையே கணக்கில் எடுத்தார்கள். தெற்கே இருந்து வருவது செம்மண் நிலத்தைக் கரைத்துக்கொண்டு சிவப்பாக வரும். வடக்கே இருந்து வருவது அடர்காட்டின் இலைச்சருகில் ஊறி, தேயிலைச் சாயம் போலக் கறுப்பாக வரும். மழை பிடித்தால் முதலில் சிவப்புத் தண்ணீர், சில நாள் கழித்துக் கறுப்புத் தண்ணீர். இதுதான் ஒழுங்கு.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே வட்டுவாகலில் மணல் வரம்பு ஒன்று கோடை முழுவதும் அடைத்துக் கிடக்கும். மாரியில் அதை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். பிந்தினால் வயல் மூழ்கும். முந்தினால் நந்திக்கடல் வற்றி, உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். இறால் குஞ்சும் கடலோடு போகும். கறுப்புத் தண்ணீர் வந்தால் ஆறு தன் பாட்டை முடித்துவிட்டது என்று அர்த்தம். அது வந்த பிறகே அம்மனுக்குப் பொங்கி, வயற்காரரில் ஒருவரும் வலைகாரரில் ஒருவரும் சேர்ந்து முதல் மண்ணை வெட்டுவார்கள். அதற்கு முன் மண்வெட்டி வைப்பவன் ஊருக்குத் துரோகி.

அந்த மார்கழியில் சிவப்புத் தண்ணீர் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கறுப்புத் தண்ணீரைக் காணவில்லை. எங்கள் வரம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது. "இனியும் பாத்துக்கொண்டிருந்தா நெல்லு அழுகிப்போம், வெட்டுவம்" என்று ஐயா ஊர்க்கூட்டத்தில் மன்றாடினார். ஒருவரும் அசையவில்லை. ஐயா தினமும் பொழுதுபடும் நேரம் வட்டுவாகலுக்குப் போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வருவார். வயலில் இருந்து நேரே போவதால் தோளில் மண்வெட்டி இருக்கும். ஒரு நாள் அப்படிப் போய் வந்தார். விடிந்து பார்த்தால் முகத்துவாரம் திறந்து கிடந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காகத்தின் தோளில் மண்வெட்டி இருந்ததை ஊர் முழுவதும் கண்டிருந்தது.

தண்ணீர் வடிந்தது, பின்னாலேயே கடல் ஏறியது. கதிர் வெளிவராமல் குடலைப் பருவத்தில் நின்ற நெல் எங்களுடையதும் அயலவருடையதும் உப்பில் கருகிப் போயிற்று. ஐயாவின் காணியைப் பறிக்கும்படி அரசாங்கத்துக்கு எழுதப்போவதாக ஊர் அதிகாரியான விதானையார் சொன்னார். ஐயா சும்மா இருப்பாரா? கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டியார்மேல் கையை நீட்டினார். முகத்துவாரம் திறந்தால் ஓடுகிற மீனை வாசலிலேயே வளைத்துப் பிடிக்கலாம் அல்லவா, அதனால் அவர்தான் வெட்டினார் என்றார். கோயிலில் கூட்டம் கூடியது. ஐயா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். சம்மாட்டியாரும் அணைத்தார். இரண்டு பேரும் வெட்டவில்லை என்றால் வெட்டியது யார்? ஊர் முன்னிலும் குழம்பிப் போனது.

அப்போதுதான் ஐயா, "அப்பிடியெண்டா தண்ணி வந்த வழியைப் பாக்க வேணும். கறுப்புத் தண்ணி எங்க போனது?" என்றார்.

"நதிமூலம் ரிஷிமூலம் பாக்கக் கூடாது எண்டு சொல்லுவினம்" என்று விதானையார் சிரித்தார்.

"நீங்கள் தனியப் போய் என்னத்தையும் சொல்லிப்போட்டு நிப்பியள். நானும் வாறன்" என்றார் சம்மாட்டியார்.

"வாங்கோ. உங்களைத் தனிய விட எனக்கும் விருப்பமில்லை" என்றார் ஐயா.

மாசியில் தண்ணீர் வற்றியதும் இருவரும் புறப்பட்டார்கள். பாதை உள்ள மட்டும் சைக்கிள், அதற்கு மேல் நடை. ஐயா அம்மாவின் கட்டுச்சோறு கொண்டு போனார். சம்மாட்டியார் பாணும் கருவாடும் கொண்டு போனார். ஒருவர் கொடுத்ததை மற்றவர் வாயில் வைக்கவில்லை. கண்டல் புதர்களைக் கடந்து, ஆற்றின் வாயிலிருந்து மேலேறி, வயல்களையும் பாலைமரக் காட்டையும் தாண்டி நடந்தார்கள். வழியில் சேருகிற ஒவ்வோர் ஓடையிலும் இறங்கி, ஐயா மணலைக் கிள்ளிப் பார்ப்பார். சம்மாட்டியார் பின்னால் நின்று, அவர் கிள்ளுகிறாரா, எதையேனும் போடுகிறாரா என்று பார்ப்பார். இதை ஐயாவே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இரு கிளைகளும் கூடும் இடத்துக்குப் போனபோது வடக்குக் கிளையின் படுக்கையில் புல் முளைத்திருந்தது. அந்த மாரியில் தண்ணீர் அதில் ஓடவே இல்லை. அதன் வழியே இன்னும் மேலே போனார்கள். பெரிய மருதமரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஆற்றுக்குக் குறுக்கே கிடந்தது. அதில் சருகும் கட்டையும் மண்ணும் சேர்ந்து அணை போட்டதுபோல் அடைத்திருந்தன. மறிபட்ட கறுப்புத் தண்ணீர் பக்கத்துக் கரையை உடைத்துக்கொண்டு பள்ளம் வழியே தெற்குக் கிளையில் போய் விழுந்திருந்தது. அந்த வருடம் இரண்டு தண்ணீரும் ஒன்றாகவே, ஒரே நிறத்தில், ஒரே வேகத்தில் இறங்கியிருந்தன. ஊர் எதற்காகக் காத்திருந்ததோ அது சிவப்புக்குள் கலந்து எப்போதோ வந்துவிட்டது. பாரம் தாங்காமல் மணல் வரம்பு தானாக உடைந்தது.

சம்மாட்டியார் சுற்றிப் பார்த்து, "இஞ்ச ஒரு மனுசன்ரை காலடியும் இல்லையே" என்றார்.

"ஓம். எங்கட ரெண்டு பேரின்ரையும்தான் கிடக்கு" என்றார் ஐயா.

இருவரும் ஊருக்கு வந்து ஒரே வாயாகச் சொன்னார்கள். அதுதான் வினையாயிற்று. நேற்றுவரை முகம் பார்க்காதவர்கள் இன்று ஒரே கதை சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? "ரெண்டு பேரும் சேந்துதான் வெட்டியிருக்கினம். கதை கட்டத்தான் காட்டுக்குப் போனவை" என்றார்கள். ஒருவன் பொய்யன் என்று இருந்த ஊருக்கு இப்போது இரண்டு பொய்யர்கள். போய்ப் பார்க்க வரும்படி விதானையாரை ஐயா கூப்பிட்டார். யானைக் காட்டுக்குள் தனக்கென்ன வேலை என்று அவர் மறுத்துவிட்டார். நேரில் பார்க்காததை எழுதவும் பயந்தாரோ என்னவோ, காணி தப்பியது. ஆனால் அடுத்த காலபோக விதைப்புக்கு வரம்பு கட்ட, ஒருவருக்கொருவர் செய்யும் கைமாற்று வேலைக்கு எங்கள் வயலில் ஒருவரும் இறங்கவில்லை. சம்மாட்டியார் தம் வலைகாரரை அனுப்பினார். அவர்கள் வலை இழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடிக்கொண்டு சேற்றை அள்ளிப் போட்டார்கள். அது ஊரின் சந்தேகத்துக்கு நெய் வார்த்தது போலாயிற்று.

அடுத்த மாரியிலும் கறுப்புத் தண்ணீர் வரவில்லை. ஐயா எங்கேயும் போய்விடாதபடி எங்கள் படலையடியில் இரண்டு பேரைக் காவல் வைத்தார்கள். அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தா. "குடியுங்கோ தம்பியவை, கள்ளன் உள்ளுக்குத்தான் இருக்கிறார்" என்று சொல்லியே கொடுத்தா. அவர்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வட்டுவாகலில் மணல் வரம்பு தானாக உடைந்தது. அதன் பிறகு கறுப்புத் தண்ணீருக்குக் காத்திருக்கும் வழக்கத்தை ஊர் மெல்லக் கைவிட்டது. ஆனால் பிழையாக நினைத்துவிட்டோம் என்று ஐயாவிடம் ஒருவரும் வந்து சொல்லவில்லை. "இந்த முறை ஆறுதான் உடைச்சது, சரி. போன முறை?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் எங்கள் சொந்தங்கள். இந்த மலர் அவர்களுக்கும் போகும்.

ஐயா நோயில் விழுந்தபின் சம்மாட்டியார் அடிக்கடி வந்து கட்டிலருகே கதிரை போட்டு உட்காருவார். ஒரு நாள் ஐயா அவருடைய கையைப் பிடித்துக் கேட்டார்.

"நான் போனாப்பிறகு ஆரும் கேட்டா என்ன சொல்லுவியள்?"

"நீங்கள் வெட்டேல்லை எண்டுதான் சொல்லுவன்."

"நம்பித்தானோ சொல்லுவியள்?"

காட்டுக்குள் ஒன்றாக நடந்த மனிதர், அந்த மருதமரத்தைத் தம் கண்ணால் பார்த்தவர், அவரே யோசித்தார். பிறகு, "நம்பாட்டிலும் சொல்லுவன் அண்ணை" என்றார்.

ஐயா சிரித்தார். "அது காணும்" என்றார். சில நாட்களில் அமைதியாகக் கண்ணை மூடினார். அவருக்குப் போதுமானதாக இருந்தது எனக்குப் போதவில்லை. அன்று பக்கத்தில் நின்று அதைக் கேட்ட நான் குசினிக்குள் போய் அழுதேன்.

ஐயாவின் நோய்க்காலத்தில் மருந்தும் பத்தியமும் பார்த்த அயலவர்களுக்கும், ஆனையிறவு கடந்து வந்து துயரில் பங்குகொண்ட உறவினர்களுக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், பாடையைத் தோளில் சுமந்த வயற்காரருக்கும் வலைகாரருக்கும், சம்மாட்டியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. உங்களிடம் இன்னும் ஓர் உதவி கேட்க வேண்டும். எங்கள் ஐயா முகத்துவாரத்தை வெட்டவில்லை. இதை வாசிக்கிற நீங்கள் நம்பாவிட்டாலும், யாராவது கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

மூத்த மகள்